எட்டு மணிக்கு ஒன்பது அடி

அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கி நாலு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதன் மாஸ்டர் பேசுவதைக் கேட்டால், மலாக்காக் கோட்டையைக் கட்டிவிட்டு மிச்சக் கல்லில் இதைக் கட்டினார்கள் என்று நினைக்கத் தோன்றும். "ஆதி நாள்லேருந்து இங்க இதான் வழக்கம்" என்பார். ஆதி நாள் என்று அவர் சொல்வது சில சமயம் போன செவ்வாய்க்கிழமையாக இருக்கும்.

முதுகுக்குப் பின்னால் அவரை வழக்கம் மாஸ்டர் என்றுதான் சொல்வோம். சொந்தப் பெயர் வேண்டாம். அவருடைய பிள்ளைகள் இன்னும் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருக்கிறார்கள்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயில் பாதையில், வீடுகள் முடிந்து ரப்பர்ப் பால் மரம் தொடங்கும் இடத்தில் அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது. முன்பு அது ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை. சுண்ணாம்பு அடித்து, சன்னல் வெட்டி, பெஞ்சு போட்டுவிட்டார்கள். புகை வாசனையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மழைக்காலத்தில் அது சுவரிலிருந்து கிளம்பி வந்து பையன்களின் சட்டையில் ஏறிக்கொள்ளும். பையன் பள்ளிக்கூடம் போனானா, ஆற்றுக்குக் குளிக்கப் போனானா என்பதை அந்தச் சுற்றுவட்டாரத்துத் தாய்மார்கள் சட்டையை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

வாசல் பலகையில் ஹைஸ்கூல் என்று எழுதியிருந்தது. உள்ளே ஆறாம் வகுப்புக்கு மேல் கிடையாது. ஒரு நாள் அதைப் பற்றிக் கேட்டேன். "வளர்ற பிள்ளைக்குச் சட்டையைக் கொஞ்சம் பெரிசாத்தான் தைக்கணும்" என்றார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்கும் அந்தப் புகை வாசனைதான் காரணம். ரப்பர் விலை விழுந்த சமயம். டெங்கில் பக்கம் நான் பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் பாதி ஆளை நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்ற ஒரு முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊரில் எனக்கு இருந்தது ஒரு சித்தப்பாவும் அவருடைய கோபமும். முகாம் வேலியில் ஓர் ஓட்டை இருந்தது. வெளியே வந்துவிட்டேன். கொஞ்ச நாள் கிழங்கு தின்று, சரக்குக் கிட்டங்கிகளின் ஓரமாகப் படுத்து, ரயில் பாதையோடு நடந்து வரும்போது மூக்கில் புகை வாசனை அடித்தது. ரப்பர் கொட்டகை, வேலை கிடைக்கும் என்று உள்ளே நுழைந்தேன். உள்ளே ஒரு கூட்டம் பையன்கள் ஏதோ ஒரு நாட்டு ஆறுகளின் பெயரை இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டும், கையில் குடையுமாக ஒரு குட்டை மனிதர் வெளியே வந்தார்.

"என்னப்பா வேணும்?"

"வேலைங்க. இது ரப்பர் ஸ்டோர்னு நெனச்சு வந்துட்டேன்."

"எத்தனாவது வரைக்கும் படிச்சே?"

"நாலாவதுல பாதிங்க."

"பாதியில விட்டவனா? நல்லது. முழுசாப் படிச்சவன் ஒருத்தன்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் பாக்கறதில்ல. பசியாறிட்டியா?"

இல்லை என்றேன். மாஸ்டரின் மனைவி வைத்த ரசமும் சோறும் வந்தது; மாஸ்டர் அம்மா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ரசத்தில் உப்பு இல்லை. அன்று முதல் நான் அந்தப் பள்ளிக்கூடத்து ஜாகா. இரவில் காவல், பகலில் கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, மணி அடிப்பது எல்லாம் என் பொறுப்பு. தலைமையாசிரியராக இருந்த வெள்ளைக்காரர் லீவில் சீமைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதில் புது ஆளைக் கல்வி இலாகா அனுப்பவில்லை. அதனால் மாஸ்டரே தலைமையையும் பார்த்துக்கொண்டார்.

மணி என்றால் கோயில் மணி இல்லை. ஒரு துண்டுத் தண்டவாளம். மாஸ்டரின் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். அந்தச் செல்வாக்கில் வந்தது. முதல் நாள் காலையில் எட்டு மணிக்கு எட்டு அடி அடிக்கச் சொன்னார். வயிறு நிறைந்த மயக்கமோ என்னவோ, ஒன்பது அடித்துவிட்டேன். பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். குடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏன்பா ஒன்பது?"

"தெரியல சார். கை நிக்கல."

கொஞ்சம் யோசித்தார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பினார்.

"என்னடா சிரிப்பு? எட்டு அடி வந்தவங்களுக்கு. கடைசி அடி வராதவங்களுக்கு. தெரியாதா உங்களுக்கு? ஆதி நாள்லேருந்து வழக்கம்."

பையன்களின் சிரிப்பு நின்றது. சிலர் தலையைக்கூட ஆட்டினார்கள், தெரிந்தவர்களைப் போல. என் பக்கம் குனிந்து, "நாளைக்கும் ஒன்பது அடி. மறந்து எட்டோட நிறுத்தினே, வேலை போயிடும்" என்றார்.

இதுதான் அவர். தப்பு நடந்தால் திருத்த மாட்டார். மறுநாளும் அதையே செய்யச் சொல்லுவார். "ஒரு தடவை செஞ்சா தப்பு. ரெண்டாந் தடவை பிடிவாதம். மூணாந் தடவை வழக்கம்" என்பார். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. தினமும் அதைத் தள்ளிக்கொண்டேதான் வருவார், தள்ளிக்கொண்டேதான் போவார். பள்ளிக்கூட எல்லைக்குள் மாஸ்டர்மார்கள் சைக்கிள் ஓட்டுவதில்லை என்பது வழக்கமாம். எல்லைக்கு வெளியிலும் அவர் அதில் ஏறி நான் பார்த்ததில்லை. அவருக்கு ஓட்டத் தெரியாது.

மாஸ்டர் அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நாள் மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். "சாப்பிடுங்க. சனிக்கிழமைன்னா நம்ம வீட்ல இப்படித்தான். ஆதி நாள்லேருந்து வழக்கம்" என்றார் அம்மா. மாஸ்டர் சாப்பிட்டார். அடுத்த சனிக்கிழமையும் குழம்பு அடிப்பிடித்திருந்தது. மூன்றாவது சனிக்கிழமைக்கு முன்னால் அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகக் கேள்வி.

எல்லாவற்றையும்விடப் பெரிய வழக்கம் மூன்றாம் படி. வாசலில் ஐந்து படிகள். மூன்றாவது படி விரிசல் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. நான் வருவதற்கு முன்பே ஒரு பையன் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டானாம். இலாகாவுக்கு எழுதினார், பதில் இல்லை. உடனே, இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்றாம் படியை மிதிப்பதில்லை, தாண்டித்தான் போவார்கள் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டார். பையன்கள் காரணம் கேட்கவில்லை, அவர்களே ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். படிக்குக் கீழே பழைய தோட்டத்துத் துரையின் நாயைப் புதைத்திருப்பதாக ஒரு கட்சி. நாய் இல்லை, துரைதான் என்று இன்னொரு கட்சி.

நான் சேர்ந்த சில மாதத்தில், இலாகாவுக்கு எழுதியதை எல்லாரும் மறந்திருந்த வேளையில், ஒரு சீன மேஸ்திரி வந்து படியைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகக் கட்டினார். அருமையான வேலை. இரண்டு நாள் சாக்கு போட்டு மூடி, தண்ணீர் ஊற்றி, மூன்றாம் நாள் சாக்கை எடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தார். பையன்கள் வந்தார்கள். ஒருவன் விடாமல் தாண்டிப் போனான்.

"சுடா கெரிங் லா!" என்று கத்தினார் மேஸ்திரி. காய்ந்துவிட்டது, மிதியுங்கள் என்று அர்த்தம். அதற்கும் ஒருவன் மிதிக்கவில்லை. தானே ஏறி அந்தப் படியில் நின்று குதித்துக் காட்டினார். பையன்கள் பயந்து போய்ப் பார்த்தார்கள். அந்த மனுஷர் மாஸ்டரிடம் போய் மனம் நொந்து முறையிட்டார். மாஸ்டர் அவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

"படிதான் சரியாயிடுச்சே சார். மிதிச்சா என்ன?" என்றேன்.

"படி சரியாயிடுச்சு. வழக்கம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்தப் படியைத் தினம் கூட்டியவன் நான். தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போதும் ஒரு காலை எட்டிப் போட்டுத் தாண்டுவேன். யாரும் என்னைத் தாண்டச் சொல்லவில்லை.

அவருக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்பது அந்த வருஷக் கடைசியில்தான் தெரிந்தது. ரயில்வேயிலும் ஆளைக் குறைத்தார்கள். வேலை போன குடும்பங்கள் கப்பலேறின. போகிற பையன் கடைசி நாளன்று மாஸ்டரிடம் சொல்லிக்கொள்ள வருவான். அவனைத் தண்டவாளத்தண்டை கூட்டி வந்து, அந்த ஒன்பதாவது அடியை மட்டும் அவன் கையால் அடிக்கவிடுவார். வகுப்பில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டு வந்தன. அப்போதுதான் இலாகாவிலிருந்து செய்தி வந்தது. சின்னப் பள்ளிக்கூடங்களை மூடி, டவுனில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்க்கப் போகிறார்கள். இன்ஸ்பெக்டர் துரை நேரில் வந்து பார்த்து முடிவு சொல்லுவார்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் படியில் உட்கார்ந்திருந்தார், நாலாம் படியில்.

"டவுன்லதான் நல்ல பள்ளிக்கூடம் இருக்கே சார்" என்றேன்.

"இருக்கு. தினம் ரயிலுக்கு யாரு குடுப்பா? இவனுங்க டவுனுக்குப் போக மாட்டானுங்கப்பா. பால் வாளியைத் தூக்கிட்டுப் போவானுங்க." குடையால் தரையைக் குத்தினார். "புதுக் கன்னை எவன் வேணாலும் புடுங்கிப் போட்டுட்டுப் போவான். பெரிய மரத்தை வெட்ட வர்றவன் முதல்ல அண்ணாந்து பாப்பான். அந்த நேரம் போதும். அதுக்குள்ள ஏதாவது பேசிடலாம்."

அண்ணாந்து பார்க்க வைக்க அவர் கண்டுபிடித்த வழி, பழைய மாணவர்களுக்கும் இப்போதைய மாணவர்களுக்கும் ஒரு பந்தாட்டம். வெள்ளைக்காரர்களின் பழம்பெரும் பள்ளிகளில் வருஷா வருஷம் நடக்குமாம். இன்ஸ்பெக்டர் துரை அப்படி ஒரு பள்ளியில் படித்தவர், பழசு என்றால் உருகிவிடுவார் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். யோசனை நல்ல யோசனைதான். ஒரே ஒரு குறை. ஆறாம் வகுப்பு முடித்து வெளியே போனவன் இன்னும் ஒருவன்கூட இல்லை.

"பதினோரு பேர் வேணும். நீ ஒண்ணு" என்றார்.

மிச்சப் பத்துப் பேரையும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிடித்தோம். ஸ்டேஷன் போர்ட்டர்கள், மாட்டு வண்டிக்காரர்கள், ரொட்டி விற்கிறவர் ஒருவர், எங்கள் துணி வெளுக்கும் டோபி அண்ணன். டோபி அண்ணனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், மீசை காதைத் தொடும். எல்லாரையும் பாடாங் திடலில் உட்கார வைத்து மாஸ்டர் பாடம் நடத்தினார்.

"பழைய மாணவன்னா என்னங்க செய்யணும்?" என்று கேட்டார் டோபி அண்ணன்.

"ஒண்ணும் செய்ய வேணாம். கொறை சொல்லணும். எதைக் காட்டினாலும், 'எங்க காலத்துல இப்படியா இருந்துச்சு'ன்னு பெருமூச்சு விடணும். அவ்வளவுதான்."

"அட, இது நான் வீட்ல தினம் சொல்றதுதானே!"

எல்லாரும் வெள்ளைச் சட்டையில் வர வேண்டும் என்றார் மாஸ்டர். எங்களிடம் ஏது? டோபி அண்ணன் நெஞ்சைத் தட்டினார். அந்த வாரம் வெளுக்க வந்திருந்த மூட்டையிலிருந்து ஆளுக்கொரு சட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு வந்த சட்டை முழங்கால் வரை தொங்கியது. பைக்குக் கீழே ஒரு மைக்கறை.

இன்ஸ்பெக்டர் துரை வந்தார். நெட்டை மனிதர். முன்பு தோட்டத்துக் கூலிகளைப் பார்க்கும் இலாகாவில் இருந்தவராம், தமிழ் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து வைப்பது போன்ற புத்தகத் தமிழ். மாஸ்டர் இதை எதிர்பார்க்கவில்லை. எங்கள் பதினோரு பேரின் வாயையும் துரை இனி நேராகவே கிளறலாம்.

டோபி அண்ணன் என் விலாவில் இடித்தார். "தம்பி, அந்தக் கோட்டு என் கோட்டு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நான் இஸ்திரிப் பொட்டி போட்ட கோட்டு லா. பங்களாவுக்குப் பின்னால குசினிக்காரன்கிட்ட வாங்கி, அவன்கிட்டயே குடுப்பேன். உள்ள இருக்கறது இவருன்னு இன்னிக்குத்தான் தெரியுது." என் சட்டையைப் பார்த்தார். அவருடைய மீசை தொங்கிவிட்டது. "ஐயோ, இதுவும் அவரு வீட்டுதுதான்."

ஆட்டம் தொடங்கியது. நாங்கள் தோற்க வேண்டும் என்று பேச்சு. இதைப் போர்ட்டர்கள் மறந்துவிட்டார்கள். டோபி அண்ணன் மறைந்துகொள்ளும் அவசரத்தில் எங்கள் கோலுக்கே பந்தை அடித்து, நிலைமையைக் கொஞ்சம் காப்பாற்றினார். நான் துரை நின்ற பக்கமே போகாமல் எதிர்க் கோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்தேன். பந்தும் பாழாய்ப்போன பையன்களும் என்னைத் துரையிடமே தள்ளிக்கொண்டு போனார்கள். ஆட்டம் முடிந்தபோது துரையின் காலடியில் கிடந்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இந்த மைக்கறையை நான் அறிவேன்" என்றார்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். துரை நிமிர்ந்து, போர்ட்டர்களின் பின்னால் பதுங்கியிருந்த மீசையைக் கண்டார்.

"நீ என் துணிகளை வெளுப்பவன் அல்லவா? நீயும் இப்பள்ளியில் படித்தாயா?"

டோபி அண்ணன் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டார். "ஆமாங்க துரை. படிச்சும் வேல கெடைக்கலைங்க. காலம் கெட்டுப்போச்சு. எங்க காலத்துல இப்படியா இருந்துச்சு!" என்று பெருமூச்சு விட்டார். விட்ட பிறகு, தொழில் அபிமானம் தாங்காமல், "அந்தக் கறை மட்டும் என்ன பண்ணாலும் போக மாட்டேங்குதுங்க" என்றார்.

துரையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோப்பி குடிக்க உள்ளே போகலாம் என்றார் மாஸ்டர். அவருடைய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. துரை படியடியில் ஓரமாக நின்று எல்லாரையும் முன்னால் போகச் சொன்னார். பையன்கள் ஓடிவந்தார்கள். முதல் படி, இரண்டாம் படி, ஒரு தாவல், நாலாம் படி. ஓட்டத்தில்கூட ஒருவன் கால் மூன்றாம் படியில் படவில்லை. அடுத்து பழைய மாணவர்கள் ஏறினார்கள். தொம் தொம்மென்று எல்லாப் படியையும் மிதித்துக்கொண்டு போனார்கள், பத்துப் பேரும்.

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. குறை சொல்லக் கற்றுக்கொடுத்தவர் படியேறக் கற்றுக்கொடுக்கவில்லை.

நான் மாஸ்டர் அம்மா தந்த கோப்பிப் பாத்திரத்தோடு கடைசியாக ஏறினேன். கை சுடுகிறது, சட்டை தடுக்குகிறது, யோசிக்க நேரமில்லை. கால் தன்பாட்டில் எட்டிப் போட்டுத் தாண்டியது.

"நில். நீ ஏன் அம்மூன்றாம் படியை மிதிக்கவில்லை?"

"தெரியலைங்க துரை. வழக்கங்க."

துரை மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஆசிரியரே, பத்துப் பேர் பொய். இவன் ஒருவனே இப்பள்ளியின் பழைய மாணவன்."

வருஷக்கணக்காகப் பொய்யான பழமையை மூச்சு விடாமல் பேசிவந்த மனிதர், அந்த ஒரு நிமிஷம் உண்மையைச் சொன்னார். "இவன் ஜாகாங்க, துரை. நாலாங்கிளாஸ் பாதி. அதுவும் வேற எங்கயோ. பள்ளிக்கூடத்துக்கும் வயசு நாலுதாங்க. வழக்கமெல்லாம் நான் உண்டாக்கினது."

"வயதை நான் அறிவேன். என் பள்ளிக்கு வயது முந்நூறு. அங்கே ஒரு கதவு உண்டு. அதைக் கடக்கும்போது இடது கையால் தொப்பியைக் கழற்றுவோம். ஏன் என்று எவருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் உண்டாக்கியிருப்பார்." படியைப் பார்த்தார். "அவரையும் அப்போது எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்."

பிறகு தன் நெட்டைக் காலைத் தூக்கி, மூன்றாம் படியைத் தாண்டி உள்ளே போனார்.

பள்ளிக்கூடத்தை மூடவில்லை. அடுத்த வருஷம் ஏழாம் வகுப்பும் வந்தது. சட்டையை நானே வைத்துக்கொள்ளும்படி துரை சொல்லியனுப்பினார். கறை போகாத சட்டையைத் திருப்பித் தர வேண்டாம் என்றதில் டோபி அண்ணனுக்கும் நிம்மதி.

எனக்கு ஓர் இடத்தில் ரொம்ப நாள் இருக்க வராது. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மைக்கறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாஸ்டர் முன்னால் போய் நின்றேன்.

"இங்க என்னப்பா கொறை?"

"ஒண்ணும் இல்ல சார். கால் நிக்கல."

திட்டுவார் என்று நினைத்தேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், இரும்புத் துண்டை என் கையில் கொடுத்தார். "போனாத்தானே பழைய மாணவன். இங்கயே கெடந்தா வெறும் ஜாகா" என்றார். ஓர் அடி அடித்தேன்.

அதன் பிறகு எங்கெங்கோ சுற்றினேன். சில வருஷம் கழித்து ஒரு நாள் காலை, கிள்ளானுக்குப் போகும் ரயில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சிக்னலுக்காக நின்றது. மாஸ்டர் அதற்கு முந்திய வருஷமே இறந்துவிட்டதாக பிரிக்ஃபீல்ட்ஸில் சொல்லியிருந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டடம் பெரிதாகியிருந்தது, படி மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. தண்டவாள மணி அடித்தது. எவனோ புது ஜாகா, நிதானமான கை.

எதிரே உட்கார்ந்திருந்தவர் எண்ணிக்கொண்டே வந்தார். முடிந்ததும் பதறிப் போய்க் கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருகப் போனார்.

"திருப்பாதீங்கண்ணே. உங்க வாட்ச் சரிதான், எட்டுதான் ஆகுது."

"ஒன்பது அடிச்சுதேப்பா? நான் எண்ணினேனே."

"எட்டுதாண்ணே. ஒண்ணு எனக்கு."